வட்டை விட்டுப் பார்த்தவள்

ஹாஸ்கெட்டில் பனி ஹாக்கிக்காக லொரெட்டா கோவல் அளவுக்கு உழைத்த தாய் வேறு யாரும் இல்லை என்று எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். பனி அரங்கத்தின் கேன்டீனை நடத்துவது ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர் பொறுப்பு. வீட்டுக்கு வீடு முறை உண்டு. முறை வந்த அன்றைக்குத்தான் பாதிப் பேருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், மீதிப் பேருக்கு மாமியார் வந்துவிடுவார். லொரெட்டா தன் முறையையும் செய்வாள், அடுத்தவள் முறையையும் கேட்டு வாங்கிச் செய்வாள். "நீ போய் உன் பிள்ளை ஆடறதைப் பாரு, இங்க நான் நின்னுக்கறேன்" என்று ஏப்ரனை இழுத்துக் கட்டிக்கொள்வாள். இப்படிப் பத்துக் குளிர்காலம். ஒரு வருஷம் மேடையில் ஏற்றிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அந்தப் பத்துக் குளிர்காலத்தில் அவள் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

மகன் ஜாரெட் ஆறு வயதில் முதல்முறை பலகைச் சுவரில் போய் மோதிக் கையும் காலும் பரப்பிக் கிடந்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவன் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டான். இவளால்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. அடுத்த வாரமே கேன்டீனுக்குள் புகுந்துகொண்டாள். கேன்டீன் ஜன்னல் வரவேற்பறையைப் பார்த்திருக்கும். பனித்தளம் சுவருக்குப் பின்னால். மகன் ஆடி வளர்ந்ததை எல்லாம் அவள் காதால்தான் அறிந்தாள். 'தம்' என்றால் எவனோ பலகையில் மோதினான். 'ஓ' என்றால் கோல் போகவில்லை. எல்லோரும் கத்தினால் போயிற்று. உருளைக்கிழங்கு எண்ணெயில் பொரிகிற சத்தத்தில் அதிலும் பாதி கேட்காது. அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அப்புறம் பிள்ளைக்குப் பதினாறு ஆயிற்று. நன்றாக ஆடுகிற பிள்ளையை அந்த வயதுக்கு மேல் எங்கள் பக்கத்தில் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. எங்கோ ஒரு பெரிய ஊர் அணி கூப்பிடும். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் தங்கி, அவர்கள் மேஜையில் சாப்பிட்டு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து ஆட வேண்டும். இதற்குப் பெருமை என்று பெயர் வைத்து ஊர் கேக் வெட்டும். லொரெட்டாவும் வெட்டினாள். எல்லோருக்கும் ஊட்டினாள். பிள்ளையை ஏழு மணி நேரத் தொலைவில் இருக்கிற கோல்டர் ஃபால்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு, அவன் ஹாக்கிப் பை இல்லாத வாசலில் அந்த வியர்வை நாற்றம் இல்லையே என்று அழுதாள். அந்த நாற்றத்துக்காகப் பத்து வருஷம் அவனைத் திட்டியவள் அவள்.

புருஷன் ஒரெஸ்ட் நகராட்சியில் சாலைப் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுபவன். நல்ல மனிதன். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் சொல்ல மாட்டான். அவனிடம் அழுவதும் பனி தள்ளுகிற வண்டியிடம் அழுவதும் ஒன்றுதான். ஆனால் அவனுக்கும் ராத்திரி தூக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு தோறும் ஜாரெட் போன் செய்வான்.

"மேட்ச் எப்படிடா இருந்துது?"

"நல்லா இருந்துதும்மா."

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்."

"அடி ஒண்ணும் படலையே?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க அவளுக்குக் கேள்வி தெரியாது. தெரியாத கேள்விக்குப் பிள்ளை எப்படிப் பதில் சொல்வான்? அவன் வாழ்க்கை முழுக்க அந்தப் பனிக்கட்டி மேல் இருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவனை வளர்த்திருந்தாள். போன் பேச்சு வாரா வாரம் குறுகிக்கொண்டே போயிற்று. இப்படியே போனால் ஒரு நாள் இருவருக்கும் நடுவில் சீதோஷ்ணம் பற்றித்தான் பேச்சு மிஞ்சும் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அணிக்காரர்கள் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஒளிபரப்புவார்கள். ஒரே ஒரு கேமரா. காசு கட்டி அதைப் பார்க்க உட்கார்ந்தாள். கறுப்பு ரப்பர் வட்டு அங்கே ஓடியது, இங்கே ஓடியது, அவள் கண்ணும் கூடவே ஓடியது. கடைசியில் தலைவலிதான் மிச்சம். மகன் எப்போது வந்தான், எப்போது போனான், ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் வெண்டலைப் பிடித்தாள்.

வெண்டல் ஃப்ரேன் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவன், பள்ளியில் அவளோடு படித்தவன். சனி ஞாயிறுகளில் நடுவர். எங்கள் வட்டாரத்தில் நடுவர் என்றால் நாய் படாத பாடு. வெண்டல் கடைக்குள் நுழைந்தால் ஊதலைப் போல வாயால் சீட்டி அடிக்கிறவர்கள் உண்டு. ஜாரெட்டுக்குப் பன்னிரண்டு வயதில் அவன் ரெண்டு நிமிஷத் தண்டனை கொடுத்து வெளியே உட்கார வைத்த நாள்முதல், லொரெட்டா அவனுக்கு மட்டும் பாத்திரத்தின் அடியில் கருகிக் கிடக்கிற வறுவலாகப் பொறுக்கிப் போடுவாள். அதன்மேல் ஊற்றுகிற குழம்பும் ஆறிப்போனதுதான். அவனும் வருஷக்கணக்கில் வாயே திறக்காமல் தின்றான்.

பிள்ளை ஊரை விட்டுப் போன பிறகும் அவள் கேன்டீனை விடவில்லை. அன்றைக்குச் சூடான வறுவல், ஆவி பறக்கும் குழம்பு. வெண்டல் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன லொரெட்டா, விஷம் கிஷம் வெச்சிருக்கியா?"

"தின்னு முதல்ல. எனக்கு மேட்ச் பாக்கக் கத்துக் குடு."

"உனக்கா? கேடயம் வாங்கின அம்மாவுக்கா?"

"கிண்டல் பண்ணினே, தட்டைப் பிடுங்கிடுவேன்."

வெண்டல் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இத்தனை வருஷமா நீ பாக்கவே இல்லையா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஒருத்தரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றே அவளை அழைத்துப்போய்ப் பனித்தளத்தின் ஒரு மூலையில், மேல் படியில் உட்கார வைத்தான். கீழே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அணி, தொப்பையும் வழுக்கையுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"வட்டைப் பாக்காதே" என்றான்.

"பின்னே எதைப் பாக்கறது?"

"வட்டு எங்கயும் காணாமப் போயிடாது. எவன்கிட்டயாவதுதான் இருக்கும். ஊரே அதைத்தான் பாக்குது. ரெஃப்ரி அதையே பாத்துட்டு நின்னா முதுகுப் பக்கம் நடக்கற திருட்டு எதுவும் தெரியாது. நீ ஒருத்தனைப் பிடிச்சுக்கோ. அவன் பெஞ்சிலேருந்து குதிக்கறதுலேருந்து திரும்பி வந்து உக்கார்ற வரைக்கும் அவன் ஒருத்தன்தான் உனக்கு மேட்ச்."

முதல் நாள் அது சித்திரவதையாக இருந்தது. பல் மருத்துவரின் கணக்குப்பிள்ளையான குட்டையனைப் பிடித்துக்கொண்டாள். வட்டு எங்கோ இருந்தது, எல்லோரும் கத்தினார்கள், இவள் மட்டும் சும்மா வட்டமடிக்கிற ஒருத்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் நிமிஷம் ஓடுகிறான், மூச்சு வாங்கப் பெஞ்சில் விழுகிறான், மறுபடி குதிக்கிறான். எதற்கு ஓடுகிறான் என்றே விளங்கவில்லை. நாலாம் வாரம் ஒரு நாள் குட்டையன் திடீரென்று நின்றான். வட்டு அந்தக் கோடியில் இருந்தபோது இவன் இந்தக் கோடியில் ஒரு வெற்றிடத்தைப் பார்த்துப் போய் நின்றான். ரெண்டு மூச்சு கழித்து வட்டு அங்கேயே வந்து விழுந்தது. லொரெட்டா படியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இப்பத்தான் நீ மேட்ச் பாக்கறே" என்றான் வெண்டல்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சிறுவர் ஆட்டம், பெண்கள் ஆட்டம், கிழவர் ஆட்டம் எதையும் விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எதிரே வருகிறவனின் கண்ணையும் மட்டையையும் நம்பாதே, இடுப்பைப் பார், உடம்பு போகிற பக்கம் இடுப்பு பொய் சொல்லாது என்று கற்றாள். தடுத்தாடுகிற பின்வரிசைக்காரன் மூலைக்குப் போன வட்டை எடுக்கத் திரும்பும்போது, முதுகை எதிரிக்குக் கொடுத்துத்தான் போகவேண்டும், அதற்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துக்கொள்வான், அந்த ஒரு பார்வையில்தான் அவன் உயிர் இருக்கிறது என்று கற்றாள். ஜாரெட் பின்வரிசைக்காரன், ஜோடியாக நிற்கிற இருவரில் ஒருவன். கேன்டீனில் வறுவல் கருகியது. ஊரில் முணுமுணுத்தார்கள். அடுத்தவள் முறையை அவள் வாங்குவதை நிறுத்திவிட்டாள் அல்லவா, அதுவும் சேர்ந்துகொண்டது.

கம்ப்யூட்டரில் மகனைப் பார்ப்பதுதான் இப்போது புதிய வேதனை ஆயிற்று. கேமராக்காரனுக்கு வட்டுதான் கண். அது ஓடுகிற பக்கம் படமும் ஓடும். வட்டை விட்டு விலகி நிற்கிற ஜாரெட் திரையின் ஓரத்தில் ஒரு முழங்கையாக, ஒரு மட்டை நுனியாகத் தெரிந்து மறைவான். லொரெட்டா திரையின் விளிம்பில் கன்னத்தை வைத்து அதற்கு அப்பால் எட்டிப் பார்ப்பாள்.

"கம்ப்யூட்டருக்குப் பின்னாடி இருப்பான், பாரு" என்பான் ஒரெஸ்ட்.

"சும்மா இரு நீ."

ஆனால் வலைக்கு முன்னால் நடப்பது தெரியும். ஒரு ஞாயிறு போனில் வழக்கமான "நல்லா இருந்துதும்மா"வுக்குப் பிறகு அவள் சொன்னாள்: "ரெண்டாவது பீரியட்ல உன் ஜோடிக்காரன் ஆசையில முன்னாடி ஏறிப் போயிட்டான். நீ போகாம வலைக்கு முன்னாடியே நின்னே. எதிர் டீம் நெட்டைக் கொக்கு பாஸ் கேட்டு மட்டையைத் தட்டினான் பாரு, நீ சத்தமில்லாம அவன் மட்டையை அடியிலேருந்து தூக்கி விட்டுட்டே. வட்டு தாண்டிப் போயிடுச்சு. இல்லேன்னா அது நிச்சயமா கோல்டா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஜாரெட்?"

"அம்மா, பக்கத்துல யாரு இருக்கா? யாராவது சொல்லச் சொல்ல ஒப்பிக்கறியா?"

"உங்கப்பன்தான் இருக்கான். குறட்டை விடறான்."

"அதை யாருமே பாக்கலம்மா. கோச்கூடப் பாக்கல."

அன்றைக்கு அவன் பேசினான். அவள் காது சுடும்வரை பேசினான். எந்த எதிராளி எப்படி ஏமாற்றுவான், தன் ஜோடிக்காரனுக்கு எந்தப் பக்கம் திரும்பினால் தடுமாற்றம், பனி கடினமாக இருக்கிற நாளில் வட்டு எப்படித் துள்ளும் என்று பதினாறு வருஷம் வாயில் கொழுக்கட்டையோடு இருந்த பிள்ளை மடை திறந்தாற்போலப் பேசினான். போனை வைத்ததும் லொரெட்டா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிள்ளை கிடைத்துவிட்டான். ஆனால் கிடைத்த பிள்ளை ஏழு மணி நேரத் தொலைவில் இருந்தான், கிடைக்கக் கிடைக்கத் தொலைவுதான் அதிகமாகத் தெரிந்தது. முன்பு அவள் ஏங்கியது வீட்டில் இருந்த ஒரு பையனுக்காக. இப்போது ஏங்கியது இந்தப் புதியவனுக்காக.

இரண்டாம் குளிர்காலம், நவம்பரில், வட்டை எடுக்க மூலைக்குப் போனவனைப் பின்னாலிருந்து ஒருத்தன் வந்து பலகையில் வைத்து நசுக்கினான். அவள் திரையில் பார்த்தாள். இந்தத் தடவை ஓடி ஒளிய கேன்டீன் இல்லை. மண்டை அதிர்ந்ததில் ஜாரெட் சில வாரம் இருட்டு அறையில் படுத்திருந்தான். டாக்டர் சரி என்றார். மறுபடி ஆட வந்தான். தடுமாற்றம் இல்லை, தப்பு இல்லை. 'வம்பில்லாமல் ஆடுகிறான்' என்று ஒளிபரப்பில் பேசுகிறவர் பாராட்டினார்.

அவள் மட்டும் பாராட்டவில்லை. ஒரு பார்வை பார்க்க வேண்டிய இடத்தில் மூன்று பார்வை பார்த்தான். பார்த்துப் பார்த்து ஒரு அடி தாமதமாகப் போனான். வட்டு கையில் வந்ததும் சுடுசட்டியைப் போல எங்காவது எறிந்தான். பெஞ்சுக்கு எல்லோருக்கும் முன்னால் திரும்பினான். பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு கேட்டே விட்டாள்.

"மூலைக்குப் போகப் பயமா இருக்காடா?"

"யாருக்கும் தெரியாதும்மா" என்றான். "வட்டு அந்தப் பக்கம் போனாலே முதுகு கூசுது. கால் நின்னுடுது. ரொம்ப நாள் ஏமாத்த முடியாது." அப்புறம், சின்னப் பிள்ளைக் குரலில், "வந்துடட்டுமாம்மா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒன்றரை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கிடந்தாள். மனம் துள்ளியது. பிள்ளை பயத்தில் நடுங்குகிறான், தனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று அந்தக் கணமே வெட்கமாகவும் இருந்தது. "வாடா கண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அவன் முந்திக்கொண்டான்.

"நீ நேர்ல வந்து பாரும்மா. கேமராவுல பாதிதான் தெரியும். கோச்சுக்கு ஆள் வேணும், அவரு இருன்னுதான் சொல்வாரு. அப்பாவைக் கேட்டா உன் இஷ்டம்னுடுவாரு. நீதான் சரியாப் பாப்பே. நீ போதும்னா வந்துடறேன். நீ சொல்றதுதான்."

அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது பிள்ளைக்குக் கொஞ்சமும் தெரியாது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவளை அவன் நடுவராக நினைத்துக்கொண்டிருந்தான்.

கோல்டர் ஃபால்ஸுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் வெண்டலிடம் சொன்னாள். அவன் கேட்டான்: "நீ பாக்கப் போறது மேட்சையா, உன் ஆசையையா?"

"ரெண்டையும்தான். என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சொந்த ஊர் ஆடற மேட்ச்சுல விசில் ஊதறது இருக்கே, அதைவிடக் கொடுமை கிடையாது. மனசு நமக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதி வெச்சிருக்கும். கண்ணு அதுக்குச் சாட்சி தேடும்."

"பெரிய ஞானி" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் வழி நெடுகிலும் அந்தப் பேச்சையே திருப்பித் திருப்பி எண்ணினாள். ஒரெஸ்ட் வண்டியை ஓட்டினான். பின்சீட்டிலிருந்த சாமான்களை எல்லாம் அவள் முந்தின நாளே எடுத்து இடம் பண்ணியிருந்தாள். அவன் அதைக் கவனித்தான், ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஆட்டம். ஜாரெட் தங்கியிருக்கிற வீட்டுக்காரி கோரின் அரங்கத்தின் வாசலிலேயே காத்திருந்தாள். வெறுப்பதற்குத் தோதாக ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம். அப்படி இல்லை. லொரெட்டா பனிப்பெட்டியில் கொண்டுவந்த பெரோகியை, உருளைக்கிழங்கு அடைத்த அந்தக் கொழுக்கட்டையை, பார்த்ததும் கோரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதானா அது? நான் செஞ்சு போட்டா, 'நல்லாத்தான் இருக்கு கோரின், ஆனா'ன்னு இழுப்பான். அந்த 'ஆனா' நீங்கதான்."

"தொந்தரவு குடுக்கறானா?"

"காலையில ஆறு முட்டை கேக்கறான். வேற தொந்தரவு இல்ல. தூக்கத்துல பேசுவான், இப்பக் கொஞ்ச நாளா ஜாஸ்தி."

தன் பிள்ளை தூக்கத்தில் பேசுவதை இன்னொருத்தி சொல்லக் கேட்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. லொரெட்டா சிரித்துவைத்தாள். மேல் படியில், மூலையில் போய் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் புரியாமல் கூடவே வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்று பீரியட் ஆட்டத்தில் முதல் பீரியட் முழுக்க அவள் மகனைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கேமரா காட்டாததெல்லாம் தெரிந்தது. வட்டு தொலைவில் இருக்கும்போதே அவன் தோள் இறுகியிருந்தது. மூலைக்கு வட்டு போனதும் ஒன்று, இரண்டு, மூன்று பார்வை. நின்று நின்று போனான். ஒரு தடவை போகவே இல்லை, ஜோடிக்காரன் போய் அடி வாங்கினான். லொரெட்டாவின் மனதுக்குள் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, 'பார்த்தாயா, பார்த்தாயா' என்றாள். அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாகிவிட்டது. பிள்ளை நம் வீட்டு மேஜையில் உட்காருவான். ஆறு முட்டை என்ன, பன்னிரண்டு பொரித்துப் போடலாம்.

இரண்டாம் பீரியடில் பாதி போயிருக்கும். வட்டு இவள் உட்கார்ந்திருந்த மூலைக்கே உருண்டு வந்தது. ஜாரெட் திரும்பினான். பின்னால் ஒரு தடியன் முழு வேகத்தில் வந்தான். ஜாரெட் தோளுக்கு மேல் பார்த்தான், ஒரு தடவை. முகம் வெளுத்திருந்தது. அடுத்த பார்வைக்காக அவள் காத்திருந்தாள், அது வரவில்லை. அவன் போனான். இருந்த பயம் அப்படியே இருந்தது, அதையும் இழுத்துக்கொண்டுதான் போனான். தடியனுக்கு முந்தி வட்டைத் தொட்டான், தோளைப் பலகைக்குச் சாய்த்து இடியை வாங்கிக்கொண்டான், வாங்கிக்கொண்டே வட்டை நடுவில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டு மண்டியிட்டு விழுந்தான். நடுவில் இருந்தவன் அதை முன்னால் அனுப்பினான், முன்னால் போனவன் அந்தக் கோடியில் அடித்தான்.

அரங்கமே எழுந்து கத்தியது. கோரின் எழுந்தாள், ஒரெஸ்ட்கூட எழுந்தான். அத்தனை கண்ணும் அந்தக் கோடியில் இருந்தது, கேமராவும் அங்கேதான் இருந்திருக்கும். லொரெட்டா மட்டும் உட்கார்ந்தபடி எதிரே இருந்த வெறும் மூலையைப் பார்த்தாள். ஜாரெட் ஒரு கையைப் பனியில் ஊன்றி மெல்ல எழுந்துகொண்டிருந்தான். கோல் விழுந்த சத்தம் கேட்டு அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் விழுந்து எழுந்த இடத்தையே குனிந்து பார்த்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தனக்குத்தானே, வாய் நிறையச் சிரித்தான்.

பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று அவளுக்கு இருந்தது. ஊரோடு சேர்ந்து வட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அந்தச் சிரிப்பைத் தன் வீட்டு மேஜையில் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அங்கே வராது.

ஆட்டம் முடிந்ததும், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், வண்டிகள் நிற்கிற இடத்துக்கு ஜாரெட் ஈரத் தலையோடு வந்தான். ஒரெஸ்ட்டும் கோரினும் தள்ளிப்போய்ச் சாலைப் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

"சொல்லும்மா" என்றான். "மொதல் பீரியட் பாத்தியா? அசிங்கமா நடுங்கிட்டேன்."

இந்த இடத்தில் "பாத்தேன், போதும்டா, வா" என்றால் முடிந்தது. அது பொய்யும் இல்லை. முதல் பீரியடை மட்டும் சாட்சி சொல்லலாம், உலகத்தில் ஒருத்தர் மறுக்க முடியாது.

"பாத்தேன்" என்றாள். "ரெண்டாவதும் பாத்தேன். ஒரே தடவைதான் திரும்பிப் பாத்தே. அப்புறம் போயிட்டே."

"பயந்துட்டேதாம்மா போனேன்."

"தெரியும். முகம் சுண்ணாம்பா வெளுத்துது. இருந்தும் போனியே. கோல் விழுந்தப்போ எழுந்து நின்னு சிரிச்சியே, அதையும் பாத்தேன்."

அவன் வாயைப் பிளந்தான். "அதையா? எல்லாரும் அந்தப் பக்கம்தானே பாத்தாங்க?"

"நான் உன்னைத்தான்டா பாத்தேன்."

அவன் கண் கலங்கியது. "அப்போ?"

"இங்கேயே இருடா" என்றாள். "உன்னால முடியுது. இரு."

பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டான். அவளைவிட ஒரு தலை வளர்ந்திருந்தான். அவன் கழுத்தில் இன்னொருத்தி வீட்டுச் சோப்பு மணந்தது. பெரிய பாரம் இறங்கினவனைப் போல மூச்சு விட்டான், அந்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் சொன்னது சரி என்று. பெரோகிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போகிற வழியிலேயே கோரினிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டு, அவன் அவள் காரில் ஏறிப் போனான்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்வரை ஒரெஸ்ட் பேசவில்லை. பிறகு கேட்காமலே பேசினான். கல்யாணமானதிலிருந்து அப்படி நடந்தது குறைவு.

"பின்சீட்டை நீ ஏன் காலி பண்ணினேன்னு எனக்குத் தெரியும் லொரெட்டா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பானா?"

"வந்திருப்பான்" என்றாள். "இன்னைக்கே, இந்த வண்டியிலயே வந்திருப்பான் ஒரெஸ்ட்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. இரண்டு கையுறைகளையும் முகத்தில் அழுத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஒரெஸ்ட் வேகத்தைக் குறைத்தான். ஒரு கையால் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான், இன்னும் ஆறரை மணி நேரத்துக்குச் சாலை இருந்தது.